மின்சுற்று சிமுலேஷனுக்கான உதிரிபாக மாதிரிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, சங்கத்தின் இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதி, மின்சுற்றைக் கணினியில் இயக்கிப் பார்க்க உதவும் என்ஜிஸ்பைஸ் மென்பொருளில் புதிதாகப் பயில்வோர் தயக்கமின்றி எடுத்தாளத்தக்க உதிரிபாக மாதிரிகளை, அதாவது ஓர் உதிரிபாகம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை மென்பொருளுக்குச் சொல்லும் கோப்புகளை, எழுதுவதிலேயே சென்றது. மாதக் கூட்டங்களும் சாலிடரிங் பயிற்சியும் வழக்கம்போல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மென்பொருளுக்கு நமக்குக் குறையில்லை. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளின் வழிவந்ததே என்ஜிஸ்பைஸ். சுற்றுப்படம் வரையும் மென்பொருளான கிகேட் அதைத் தன்னுள் கொண்டுள்ளது. மும்பை ஐஐடியின் கட்டற்ற மென்பொருள் திட்டமான ஃபாஸீ வழங்கும் ஈசிம் தொகுப்பு இவ்விரண்டையும் சேர்த்தே தருகிறது. குறை மாதிரிகளில்தான். உற்பத்தியாளர்கள் வெளியிடும் மாதிரிகளில் சில, குறிப்பிட்ட வணிக மென்பொருளில் மட்டுமே இயங்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை. படிக்க முடிகிறவற்றிலும் மறுவிநியோகத்துக்கு உரிமம் இடம்தராதவை உண்டு. ஆகவே, உற்பத்தியாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டிலுள்ள மதிப்புகளையும் வரைபடங்களையும் கொண்டு நாமே எழுதி, கட்டற்ற உரிமத்தில் வழங்குவதென முடிவு செய்தோம்.

மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடில் தொடங்கினோம். ஸ்பைஸில் எந்த மதிப்பும் தராமல் ஒரு டையோடை வைத்தாலும் அது இயங்கும் என்பதே தொடக்கநிலையாளருக்குப் பெரிய இடர். அப்போது பின்னோக்கு முறிவு மின்னழுத்தம் முடிவிலி, தொடர் மின்தடை சுழி, டையோடு அணைவதில் உள்ள தாமதத்தைக் குறிக்கும் கடப்பு நேரமும் சுழி. அத்தகைய டையோடை, முறிவு மின்னழுத்தத்தைக் கொண்டு வெளியீட்டை நிலையாக வைக்கும் ஜீனராகப் பொருத்தும் மாணவர், வெளியீடு உள்ளீட்டோடு சேர்ந்தே ஏறுவதைக் கண்டு தம் சுற்றைத்தான் சந்தேகிக்கிறார். 1என்4007 டையோடை அவ்வாறே வைத்தால், ஏசியை டிசியாக்கும் 50 ஹெர்ட்ஸ் ரெக்டிஃபையரில் வேறுபாடு ஏதும் தெரியாது. 50 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் சப்ளையில் விடை முற்றிலும் பொய்யாகும். எனவே நம் டையோடு மாதிரிகளில் ஐந்தாறு மதிப்புகளை மட்டுமே வைத்து, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது, டேட்டாஷீட்டின் எந்த வரைபடத்திலிருந்து வந்தது என்பதைக் கோப்பிலேயே தமிழில் எழுதியுள்ளோம்.

உதிரிபாகத்தின் இணைப்புக் கால்களின் வரிசை எதிர்பார்த்ததைவிட அதிக விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஸ்பைஸ் டையோடின் நேர்முனையான ஆனோடை முதலில் கேட்கிறது. கிகேட் குறியீட்டிலோ 1ஆம் கால் எதிர்முனையான கேத்தோடு. டிரான்சிஸ்டருக்கு ஸ்பைஸின் வரிசை கலெக்டர், பேஸ், எமிட்டர். நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் பிசி547இன் கால்களும் அதே வரிசையில் இருப்பதால் சிக்கலில்லை. 2என்3904இல் அது தலைகீழ். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினாலும் சிமுலேஷன் பிழைச் செய்தி தராது, பெருக்கம் மட்டும் குறையும். பிழைச் செய்தி வராத பிழையே கற்பவரை மிகவும் சோர்வடையச் செய்வது என்பதால், கால் வரிசையை ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலேயே குறிப்பதை விதியாக்கினோம்.

741 என்ற ஆப்-ஆம்ப் பெருக்கிச் சில்லுக்கு, உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களை எல்லாம் எழுதாமல், மூன்று படிகளில் மாதிரி தந்துள்ளோம். முதற்படியில் 2,00,000 மடங்கு பெருக்கம் மட்டும். இரண்டாவதில், அதிர்வெண் ஏற ஏறப் பெருக்கத்தைக் குறைக்கும் ஒரு முனை 5 ஹெர்ட்ஸில் சேர்ந்து, பெருக்கம் 1 மெகாஹெர்ட்ஸில் ஒன்றாகிறது. மூன்றாவதில் வெளியீடு மாறும் வேகத்துக்கு மைக்ரோநொடிக்கு 0.5 வோல்ட் என்ற ஸ்லூ வரம்பும் வெளியீட்டு மின்னழுத்த வரம்பும் சேர்கின்றன. ஒரே சுற்றில் மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பவருக்கு, சைன் அலை ஏன் முக்கோணமாகிறது என்பது விளக்கமின்றியே புரிகிறது. சங்கம் இவ்வாண்டு செய்தவற்றில் மிகப் பயனுள்ளது இதுவே என்பது என் கருத்து.

ஒவ்வொரு மாதிரியுடனும் ஒரு சோதனைச் சுற்றும், அம்மாதிரி எவற்றைக் காட்டாது என்ற குறிப்பும் உள்ளன. ஸ்பைஸில் ‘எம்’ என்ற எழுத்து, பெரிதாயினும் சிறிதாயினும், மில்லியையே குறிக்கும், மெகாவுக்கு ‘மெக்’ என்றே எழுத வேண்டும் என்ற எச்சரிக்கையை எல்லாச் சோதனைச் சுற்றுகளிலும் சேர்த்துள்ளோம்.

பவர் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், எல்இடி, 555 டைமர் சில்லு ஆகியவை வரும் ஆண்டுக்கு எஞ்சியுள்ளன. மாஸ்ஃபெட்டின் கேட் மின்னூட்ட வளைவை அளந்து ஒப்பிட, அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் தேவைப்படுவதால், அதை இரவல் தர இயன்ற உறுப்பினர்கள் செயற்குழுவிடம் தெரிவிக்குமாறும், இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்