உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு மழைக்கு முன்பே கல்லூரியில் முகாம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்
எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாமாண்டு மாணவி,
திருவாரூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, கல்லூரி விவரம் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: அரசு கலைக் கல்லூரிகளில் உதவித்தொகை விண்ணப்ப முகாம் நடத்தவும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பம் என்பதற்குச் சான்று வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். "இங்கிலீஷ் படிக்கிற புள்ளதானே, ரெண்டு வரி எழுதிக் குடு" என்பார்கள். முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகைக்கு மேல்முறையீடு, வங்கியில் பெயர்த் திருத்தம், சிங்கப்பூர் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் என்று கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். என்னுடைய உதவித்தொகை மட்டும் நடக்கவில்லை. முதல் முறை விண்ணப்பிக்கவே இல்லை. இரண்டாம் முறை விண்ணப்பித்தும் அது கல்லூரியைத் தாண்டவில்லை. இப்போது மூன்றாவதற்குத் தயாராகிறேன். அதற்காகவும், எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்காகவும் இந்த மனு.

அப்பா வரப்பு வெட்டுவார், மருந்து அடிப்பார், அறுப்பு மெஷின் வந்த பிறகு கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவார். மற்ற நாளில் நூறு நாள் வேலை. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 2021இல் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். மறு ஆண்டு செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம். மூவலூர் நமக்குப் பக்கத்து மயிலாடுதுறையை ஒட்டிய ஊர்தான். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் அந்த ஆயிரமும் புத்தகத்துக்கும் ஜெராக்ஸுக்கும் ஆனது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எமிஸ் எண்ணை, அதாவது பள்ளியில் தந்த மாணவர் பதிவு எண்ணை, வைத்துக் கல்லூரியிலேயே பதிந்தார்கள், பணம் கணக்குக்கு வந்தது, நான் எங்கும் அலையவில்லை. இதை எதற்காகச் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும். அந்தத் திட்டம் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும்.

நான் தவறவிட்டது ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை. பன்னிரண்டாம் வகுப்பில் தன் பிரிவில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள்; அறிவியல், வணிகவியல், கலை என்று 3:2:1 கணக்கில் பிரிக்கிறார்கள். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000. ஐந்தாண்டுக்குக் கூட்டினால் 76,000. ஆனால் பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே உள்ளே நுழைந்துவிட வேண்டும். அதன் பிறகு புதுப்பித்தல் மட்டும்தான். எனக்கு அது தெரிந்தது மூன்றாமாண்டில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கெமிஸ்ட்ரி மாணவி சொல்லி. அவர்கள் துறையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். எங்கள் துறையில் ஒட்டவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஸ்காலர்ஷிப் என்றால் சயின்ஸ் பிள்ளைகளுக்கு என்று எல்லோருக்குள்ளும் ஒரு நினைப்பு இருக்கிறது, எங்கள் ஆசிரியர்களையும் சேர்த்து. வெளியே உதவி கேட்டுப் போனாலும் முதல் கேள்வி "இன்ஜினியரிங்கா, நர்சிங்கா?" என்பதுதான். என் மதிப்பெண் அந்த உதவித்தொகைக்குப் போதுமாக இருந்ததா என்பது இனித் தெரியப்போவதில்லை.

இரண்டாவது, 2024இல். எம்.ஏ. சேர்ந்ததும் பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். ஆண்டுக்கு 10,000 பேர். இளநிலை மதிப்பெண்தான் அளவுகோல். மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு ஆண்டு. மொத்தம் 3 லட்சம். வீட்டில் அந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தது. எங்கள் பக்கம் குறுவை போனது, அதோடு அப்பாவின் இரண்டு மாத வேலையும் போனது.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு என்று ஒன்று செய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓடிபி வரும். எங்கள் வீட்டில் எல்லோருடைய ஆதாருக்கும் அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஷிப்டுக்கு உள்ளே போகும்போது போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் இங்கே கடைத்தெருவில் கம்ப்யூட்டர் முன்னால். ஓடிபி அங்கே ஒரு மரப்பெட்டிக்குள். சற்று நேரத்தில் அது செல்லாமல் போய்விடும். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் அவன் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வாசலில் நின்றபடி எண்ணைப் படித்துச் சொன்னான்.

அப்புறம் அப்பாவின் பெயர். அது 'ஐயன்' என்று முடியும். என் பள்ளிச் சான்றிதழில் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் 'ஐ' போட்டிருக்கிறார்கள், ஆதாரில் 'ஒய்', வருமானச் சான்றிதழில் இரண்டும். தமிழில் எழுதினால் ஒரே ஆள். ஆங்கிலத்தில் மூன்று பேர். ஆங்கிலம் படிக்கிறவள் வீட்டிலேயே இந்தக் கூத்து. சான்றைத் திருத்தி வாங்க மறுபடி இ-சேவையில் 60 ரூபாய், மறுபடி கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் வட்டாட்சியர் அலுவலகம். அது நவம்பர் கடைசி. ஃபெஞ்சல் புயலுக்கு முந்தைய மழையில் சம்பா மூழ்கிக் கிடந்தது. வருவாய்த் துறை முழுக்க வயல்காட்டில் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று பயிர்ச் சேதம் எழுதிக்கொண்டிருக்கும் விஏஓவிடம் போய், "சார், எங்கப்பா பேர்ல ஒரு 'ஒய்' கூட விழுந்திருக்கு" என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் போய், சொல்லாமல் திரும்பி, மூன்றாம் நாள்தான் சொன்னேன்.

திருத்திய சான்று வந்தது, விண்ணப்பமும் போனது. அதைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவருடைய ஆதாரும் கைரேகையும் தளத்தில் பதிவாகியிருந்தால்தான் அவரால் உள்ளே போக முடியும். அந்தப் பொறுப்பில் இருந்த பேராசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். அடுத்தவர் பதிந்து முடிப்பதற்குள் தேதி தாண்டிவிட்டது. அன்று அந்த வரிசையில் நின்றது நான் மட்டுமல்ல.

ஆங்கிலத்தோடு சம்பந்தப்பட்டு உதவித்தொகை போவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதில் கவனம் வைக்காமல், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி அதை இழந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் தந்து அவரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது. அவருக்கு ஆங்கிலம் வராமல் போனது, எனக்கு வந்தும் போனது.

இப்போது மூன்றாவது. ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் வெளிநாட்டில் படிக்கத் தரும் தேசிய உதவித்தொகையில் மொத்தம் 125 இடம். அதில் 4 இடம் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. டெல்டாவை மனத்தில் வைத்தே எழுதியதுபோல அந்த வரியைப் படித்தேன். 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், அது இருக்கிறது. வயது 35க்குள், அதுவும் சரி. நிலமில்லை என்பதற்குச் சான்று கேட்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். சிறு விவசாயி சான்று இருக்கிறது, குறு விவசாயி சான்று இருக்கிறது, நிலமே இல்லாதவருக்கு என்ன சான்று என்று அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை. வருமானச் சான்று போதுமே என்றார். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வருமானச் சான்றிலும் 72,000 ரூபாய்தான். முன்பு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதுதான் உச்சவரம்பாக இருந்தது. வரம்பு ஏறிய பிறகும் அந்த எண் அப்படியே தங்கிவிட்டது. மேட்டூர் திறந்த ஆண்டிலும் 72,000, திறக்காத ஆண்டிலும் 72,000. அதை வைத்து எங்களுக்கு நிலம் உண்டா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

இதே உதவித்தொகையில் 2022இல் வந்த விதி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த தலைப்புகளுக்கு இடமில்லை என்கிறது. அம்மா பாடுகிற நடவுப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆராயலாம் என்று இருந்தேன். வேறு தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். இது தங்கள் கையில் இல்லை என்று தெரியும். மனத்தாங்கலில் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. இது மாதிரி விண்ணப்பங்களில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று கேட்கிறார்கள். வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவேன். என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தெருவுக்கே மனு எழுதிப் பழகிய கை. 'தாழ்மையுடன் பணிந்து வேண்டுகிறேன்' என்றுதான் தானாக வருகிறது. முதல் வரைவைப் படித்த ஆசிரியை சிரித்துவிட்டார். "இது ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனா, லீவ் லெட்டரா?" என்றார். பரிசு எதுவும் வாங்கவில்லையா என்று கேட்டார். ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண்ணுக்குக் கல்லூரியில் ஒரு பழைய அறக்கட்டளைப் பரிசு உண்டு: ஒரு சான்றிதழ், 150 ரூபாய். 150 ரூபாய்க்கு வெட்கப்பட்டு அதை எழுதாமல் விட்டிருந்தேன். "தொகையை யாரும்மா கேட்டாங்க? எத்தனை பேர்ல முதல்னு எழுது" என்றார். அறுபத்திரண்டு பேரில் முதல். அதையும், தெருவுக்கு எழுதிக் கொடுத்த படிவங்களையும் சேர்த்துத் திருத்தி எழுதினேன். இந்த அரை மணி நேரப் பேச்சு எனக்கு எம்.ஏ. முடியப்போகும்போது கிடைத்தது.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ, மழைக்கு முன்னால், நம் மாவட்டத்து அரசு கலைக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் முகாம் போட ஆணையிட வேண்டும். வருமானச் சான்று, பெயர்த் திருத்தம், ஆதாரில் செல்போன் எண் மாற்றம், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு ஆகிய நான்கும் ஒரே கூடத்தில் நடந்தால் பாதி விண்ணப்பம் அங்கேயே பிழைத்துவிடும். புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரியிலேயே பதிய முடிந்ததென்றால் இதற்கும் முடியும் என்றே நினைக்கிறேன். முகாமில் ஆங்கிலத் துறை மாணவர்களையே உதவிக்கு உட்கார வைக்கலாம். படிவம் நிரப்புவதில் எங்களுக்கு நல்ல பழக்கம்.

கல்லூரிப் பொறுப்பு அலுவலரின் கைரேகைப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று ஜூலையிலேயே எல்லாக் கல்லூரிகளிடமும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஒரு கடிதம் போதும். கலைப் பிரிவு மாணவர்கள் விண்ணப்பிக்கக்கூடிய உதவித்தொகைகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, முதலாண்டுச் சேர்க்கையின்போதே கையில் கொடுக்கச் செய்ய வேண்டும். எந்த ஆண்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அதில் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது.

எனக்கென்று கேட்பது ஒன்று. எங்கள் குடும்பம் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பம் என்பதை விசாரித்து, அதற்கான சான்றை, அப்பாவின் பெயர் ஆதாரில் உள்ளபடியே ஆங்கிலத்தில் இருக்குமாறு, வழங்க உரிய அலுவலருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். விசாரணைக்கு வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன் வந்தால் அப்பா வீட்டில் இருப்பார்; அதற்கு மேல் வயலில்தான் பார்க்க முடியும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: திருவாரூர்
நாள்: மக்கள் குறைதீர் நாள், திங்கட்கிழமை

இணைப்பு: எம்.ஏ. மதிப்பெண் பட்டியல் நகல். 2024 விண்ணப்ப ஒப்புகை. அப்பாவின் பெயர் மூன்று விதமாக உள்ள மூன்று சான்றுகளின் நகல்கள்.