சாரதாவுக்கு: இந்தக் குளிர்காலம் எங்கே?

கேரி, வட கரோலினா
அக்டோபர் 19

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்த வரியை இவருக்கும் படித்துக் காட்டினேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ மாடிப்படி ஏறுகிறாய் என்பது எனக்கு அதைவிடப் பெரிய செய்தி. இறங்கும்போது மட்டும் அவசரப்படாதே. கைப்பிடியை விடாதே.

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இன்சுலின் தொடர்கிறது. நூலக வேலையை விட்டு மூன்று வருடமாகியும் காலை ஏழரை ஆனால் நான் கைப்பையைத் தேடுவது இப்போதுதான் நின்றிருக்கிறது.

அப்புறம் உன் கேள்விக்கு வருகிறேன். "வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியிலேயே ஊர் ஊராகப் போகிறீர்களாமே, அவ்வளவு பெரிய நாட்டில் எங்கே போவதென்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. எங்களுக்கே இரண்டு பயணம் போன பிறகுதான் ஏதோ பிடிபட்டிருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். ஆர்.வி. என்பார்கள். எங்களுடையது 24 அடி நீளம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் இரண்டு அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, குளியலறை. பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். ஒரு காலன் பெட்ரோலுக்கு, அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டருக்கு, 10 மைல் போனால் அதிகம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. கடைசி இரண்டையும் அதற்கென்று இருக்கும் இடத்தில் போய்த்தான் காலி செய்யவேண்டும். நாங்கள் எங்கே போகலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதை இந்த மூன்று தொட்டியும் அந்த 24 அடியும் பாதி முடிவு செய்துவிடும். மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்கா என்று ஒன்று. மலை உச்சிவரை ஏறிப்போகும் அதன் சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியில்லை. இவர் அந்தச் சாலைக்காகவே ஆசைப்பட்டிருந்தார். மூன்று அடி கூடிப்போயிற்று.

முதல் பயணம் ஏப்ரலில் போனது. நம் ஊரில் காசிக்குப் போகிறவர்கள் வழியில் ஒன்றும் விடக்கூடாதென்று பட்டியல் போடுவார்களே, அப்படி ஒரு பட்டியல் போட்டோம். 62 வயதானால் 80 டாலருக்கு ஆயுள் முழுவதும் செல்லும் தேசியப் பூங்கா அட்டை ஒன்று தருகிறார்கள். அதைக் கையில் வாங்கியதும் எல்லாப் பூங்காவும் எங்களுக்காகத் திறந்து வைத்திருப்பது போல இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஐ-40 என்ற நெடுஞ்சாலை ஓடுகிறது. இங்கே அட்லாண்டிக் கரையில் வில்மிங்டனில் ஆரம்பித்துக் கலிஃபோர்னியா பாலைவனத்தில் பார்ஸ்டோ என்ற ஊரில் முடிகிறது. 2,500 மைலுக்கு மேல். காய்கறி வாங்கப் போகிற அதே சாலையில் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் போதும் என்று கிளம்பிவிட்டோம்.

24 நாள், 5,200 மைல். கிராண்ட் கேன்யன், ஸயான், ஆர்ச்சஸ் என்ற தேசியப் பூங்காக்களை எல்லாம் பார்த்தோம். பார்த்தோம் என்றுதான் சொல்லமுடிகிறது, சாரதா. ஒரு நாளைக்கு 400 மைல் ஓட்டிவிட்டு, இருட்டிய பிறகு வண்டிகள் தங்கும் முகாமுக்குள் நுழைந்து, டார்ச் அடித்துக் குழாயைத் தேடி மாட்டுவதிலேயே எங்கள் சக்தி போயிற்று. கிராண்ட் கேன்யனில் ஒரு காலை நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு நாள் முன்பு ஃபீனிக்ஸில் மின்விசிறி போட்டுத் தூங்கியிருந்தோம். பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரம், அது எங்கள் மனதில் ஏறவில்லை. விடியற்காலை காப்பிக்குக் குழாயைத் திறந்தால் சொட்டு வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாய் கம்பு போல விறைத்துக் கிடக்கிறது. உள்ளே முழுக்கப் பனிக்கட்டி. வெந்நீர் காய்ச்சி சாம்பார்ப் பாத்திரத்தில் எடுத்துப்போய் இவர் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் ஊற்ற, நான் இரண்டு கையாலும் உருவிவிட்டேன். விரல் நீளத்துக்குப் பனித்துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. அது முடிய ஒன்பது மணியாயிற்று. பதினொரு மணிக்கு இடத்தைக் காலிசெய்ய வேண்டும். கொலராடோ ஆறு எத்தனை யுகமாக அறுத்து வைத்த பள்ளத்தை நாங்கள் நின்று பார்த்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம். திரும்பும் வழியில் ஓக்லஹோமாவில் இவரும் நானும் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொள்ளவே இல்லை. களைப்புதான் காரணம்.

அதன் பிறகு ஒரு வருடம் வண்டி வாசலிலேயே நின்றது.

இரண்டாவது பயணத்துக்கு ஊர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்தோம். மிசிசிப்பியில் நாச்செஸ் என்ற ஊரிலிருந்து டென்னசியில் நாஷ்வில் வரை நாச்செஸ் டிரேஸ் என்று ஒரு சாலை, 444 மைல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி தூரம் என்று வைத்துக்கொள். அதில் லாரி வரக்கூடாது. விளம்பரப் பலகை கிடையாது, கடை கிடையாது, பெட்ரோல் போடவும் வெளியேதான் போகவேண்டும். அதிகபட்ச வேகமே மணிக்கு 50 மைல். யாரும் பின்னால் வந்து அவசரப்படுத்துவதில்லை. நடுவில் உள்ள இலவச முகாம்களில் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். நாங்கள் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பாதையின் கதையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1800-ஐ ஒட்டிய வருடங்களில் ஒஹையோ, கென்டக்கி பக்கத்து ஆட்கள் சரக்கைத் தட்டைப் படகில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றோடு தெற்கே வருவார்கள். அந்தப் படகை ஆற்றை எதிர்த்து மேலே கொண்டுபோக முடியாது. அதனால் சரக்கை விற்று, படகையும் மரமாக விற்றுவிட்டு, நடந்தே ஊர் திரும்புவார்கள். நாஷ்வில் வந்து சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். அவர்களுக்கு முன்னால் பூர்வகுடிகள் நடந்து போட்ட வழி அது. நீராவிக் கப்பல் வந்ததும் நடப்பவர் குறைந்து பாதை காடாகிவிட்டது.

அதில் 41-வது மைல் தாண்டியதும் பழைய பாதையின் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம். மண் அங்கே மாவு போல மிருது. அத்தனை கால்களும் குளம்புகளும் சக்கரங்களும் போய்ப்போய்ப் பாதை கீழே இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மண்சுவர் தலைக்கு மேலே நிற்கிறது. மேலே நிற்கும் மரங்களின் வேர்கள் சுவரிலிருந்து வெளியே வந்து தொங்குகின்றன. உள்ளே வெயில் இறங்கவில்லை, ஈரமண் வாசனை. நான் சுவரில் கையை வைத்தேன். விரல்பட்ட இடத்தில் மண் உதிர்ந்தது. உடனே கையை எடுத்துவிட்டேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, நாங்கள் கடிகாரம் பார்க்கவில்லை. பாதை முடியும் இடத்திலிருந்து சில மைலில் நாஷ்வில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் நாள் அங்கே போய் நின்றபோது, நடந்து வந்து சேர்ந்தது போலவே இருந்தது. காசிக்கு நடந்து போய் வந்த உன் கொள்ளுத்தாத்தா கதையை நீ ஹாஸ்டலில் இரவெல்லாம் சொல்வாயே, அது நினைவுக்கு வந்தது.

சரி, இந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். இவர் முதலில் ஃபுளோரிடா என்றார். அங்கே ஜனவரியில் அரசு முகாம்களில் இடம் கிடைப்பது கஷ்டம், பல மாதம் முன்பே பதிவாகிவிடும். மேலும் எனக்கு வேறொரு இடம் மனதில் விழுந்துவிட்டது. அரிசோனாவில், கலிஃபோர்னியா எல்லை ஓரத்தில், குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். கோடையில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் எங்களைப் போன்ற வண்டிக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். ஊரை ஒட்டிய அரசுப் பாலைவன நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர்தான். ஏழு மாதத்துக்கும் அவ்வளவே. மின்சார இணைப்பு கிடையாது, தண்ணீரும் நாமே போய்ப் பிடித்து வரவேண்டும்.

ஆனால் நான் அதற்காக மட்டும் போக நினைக்கவில்லை. அங்கே ஒரு கல்லறை இருக்கிறது. 1856-ல் அமெரிக்க ராணுவம், பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகம் சரிப்படுமா என்று பார்ப்பதற்காக, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கியது. அவற்றோடு வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. மறு வருடம் அரிசோனா வழியாகச் சாலை போட இடம் பார்த்துப்போன கூட்டத்தில் அந்த ஒட்டகங்களும் நடந்தன. ஐ-40 அரிசோனாவில் ஏறக்குறைய அந்த வழியிலேயே போகிறது. நாங்கள் களைத்துப்போய் ஓட்டிச்சென்ற அதே வழி, அப்போது எங்களுக்கு அது தெரியவில்லை. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, ஒட்டகத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அவர் ஊர் திரும்பவில்லை. 1902-ல் குவார்ட்ஸைட்டில் இறந்தார். கல்லால் ஒரு சிறிய பிரமிடு, அதன் உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்று. இங்கிருந்தவர்கள் வாயில் ஹாஜி அலி நுழையாமல் 'ஹை ஜாலி' ஆகி, கல்லிலும் அந்தப் பெயர்தான் பெரிதாக இருக்கிறது.

நூலகத்தில் 24 வருடம் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'ஜானா' என்றுதான் இருந்தது. ஞானம் என்ற என் பெயரில் 'ஞா' யாருக்கும் வரவில்லை. அவர்கள் அன்பாகத்தான் அழைத்தார்கள், எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. இருந்தாலும் அந்தக் கல்லறையின் படத்தைப் பார்த்ததிலிருந்து, அங்கே போய் நின்று அந்த மனிதரின் சரியான பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கவலைகள் இல்லாமல் இல்லை. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ஃபீனிக்ஸ் போகவேண்டும், 200 கிலோமீட்டர். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும். குளிர்பெட்டி கேஸில் ஓடும் என்றாலும், மற்றதுக்கு வண்டிக் கூரையில் சூரியத் தகடு வைக்க ஆள் பார்த்திருக்கிறோம். எங்கள் மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, எந்த மாநிலத்திலும் செல்லும் வகைதான், அதை முதலிலேயே பார்த்துக்கொண்டோம். தண்ணீர்த் தொட்டி 40 காலன், இருவருக்கு ஐந்தாறு நாள் தாங்கும். ராமநாதபுரத்தில் பாட்டி வீட்டில் குடக்கணக்கில் வளர்ந்தவள் நான், அந்தப் பயம் எனக்கு இல்லை. போகும்போது ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் கிடையாது, மாலை நான்கு மணிக்குள் எங்காவது நிறுத்திவிடுவோம். இந்த இரண்டிலும் இவர் சம்மதம் வாங்கிவிட்டேன்.

ஜனவரி 5 கிளம்புகிறோம். அதற்குள் நீ எனக்கு ஒன்று செய். உன் மாமியார் செய்யும் பருப்புப்பொடி, அந்தப் பூண்டு வறுத்துப் போடுவது, அதன் அளவை எழுதி அனுப்பு. அடுப்பு இரண்டுதான், பாத்திரம் கழுவத் தண்ணீரும் அளவுதான். பொடி இருந்தால் சாதம் மட்டும் வடித்துவிடலாம். கொள்ளுத்தாத்தா காசிக்கு எந்த வழியாகப் போனார் என்று உன் பெரியப்பா வீட்டு நோட்டுப் புத்தகத்தில் ஊர்ப்பெயர்கள் இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா என்றும் பார். இருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. நானும் பாலைவனத்திலிருந்து உனக்கு அந்த ஒட்டகத்தின் படத்தை அனுப்புகிறேன்.

மாப்பிள்ளையையும் பெண்ணையும் விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் முத்தங்கள்.

என்றும் அன்புடன்,
ஞானம்