இரண்டு ஃபைல்களைத் தனித்தனியாக வைத்திருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

மெத்தபெட்டமைன் (சுருக்கமாக ‘மெத்’) என்ற போதைப்பொருள் பழக்கத்திலிருந்து இணையாக, அதாவது தம்பதியர் இருவருமாக, மீண்டு வருகிறவர்களுக்கான சிகிச்சையில் இந்தச் சுற்றுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. ஆனால் யார் என்ன செய்தீர்கள், அது ஏன் முக்கியம் என்பதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட மனமில்லை. ‘உங்கள் அன்புக்கு நன்றி’ என்று எழுதினால் டாக்டரிலிருந்து வேன் ஓட்டுநர் வரை எல்லோருக்கும் பொருந்தும். ஒருவருக்கும் போய்ச் சேராது.

முதல் நன்றி சேர்க்கைப் பிரிவுக்கு. இணையாக வருகிறவர்கள் பெரும்பாலும், “ஒரே ரூம் கொடுங்கள், ஒரே கவுன்சலர் போதும், எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது” என்றுதான் கேட்பார்கள். முகம் பார்த்து இரங்கிவிடாமல் இரண்டு ஃபைல், இரண்டு கவுன்சலர், இரண்டு அறை என்று உறுதியாக நின்றீர்கள். தகவல் பகிர்வதற்கான ஒப்புதல் படிவத்தையும் ஒவ்வொருவரிடமும் மற்றவர் பக்கத்தில் இல்லாதபோதே வாங்கினீர்கள். வருகைப் பதிவைத் துணைவரிடம் சொல்லலாம், சிறுநீர்ப் பரிசோதனை முடிவைச் சொல்லக் கூடாது என்பதுபோல வரி வரியாக டிக் போடவைத்தீர்கள். பின்னால் வரும் பாதிச் சண்டை அந்தப் படிவத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

அடிதடி பற்றிய கேள்விகளையும் இருவரிடமும் தனியாகவே கேட்டீர்கள். முதல் நாள் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்றவரிடம் சில நாள் கழித்து, தெளிந்த பிறகு, மறுபடியும் கேட்டீர்கள். கழுத்தை நெரித்ததுண்டா என்ற கேள்வியை விடவே இல்லை. அது ஒரு தரம் நடந்திருந்தாலும் பின்னால் உயிருக்கே ஆபத்து வரும் வாய்ப்பு கூடுகிறது. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் கவுன்சலிங் கிடையாது. பாதுகாப்புத் திட்டம்தான் முதலில். அப்படிச் சேர்ந்து உட்காரும் இடத்தில் ஒருவர் சொன்ன உண்மைக்கு அன்றிரவே வீட்டில் பழிவாங்கல் நடக்கக்கூடும் என்பதை நீங்கள் மறந்ததில்லை.

வார்டு நர்ஸ்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். மெத் நிறுத்தினால் வருவது குடியை நிறுத்தினால் வரும் நடுக்கம் மாதிரியோ, ஹெராயினை நிறுத்தினால் வரும் வாந்தி மாதிரியோ அல்ல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் தூக்கம். முதல் 24 மணி நேரத்துக்குள் அடித்துப்போட்டதுபோல் சாய்கிறார்கள். வாரம் பத்து நாள் அது நீள்கிறது. அதற்கப்புறமும் இரண்டு மூன்று வாரம் சோர்வு, அடங்காத பசி, எதிலும் ஒட்டாத மனசு. ‘தூங்கட்டும், நல்லதுதானே’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகத் தோன்றுகிற இந்த நாட்களில்தான் தற்கொலை எண்ணம் தலைதூக்கும். எழுப்பித் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தீர்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு தரம், சுற்றி வளைக்காமல், “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று கேட்டீர்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம். கேட்காமல் விடுவதுதான் தவறு.

இணை என்றால் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருவரும் ஒரே நாளில், ஒரே அளவிலிருந்து நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஒருவர் மூன்றாம் நாள் தூக்கத்தில் கிடக்கும்போது மற்றவர் முதல் நாள் எரிச்சலில் நடந்துகொண்டிருப்பார். ஒரே அறை என்றால் இவர் அவரை எழுப்புவார்; அவர் பதில் சொல்லாததை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார்; மாலைக்குள் ஒருவர் பையைத் தூக்கிவிடுவார். சந்தேகம் வேறு. மெத் கிளப்பிவிடும் சந்தேகம் முதலில் பாய்வது பக்கத்தில் படுத்திருப்பவர் மேல்தான்: வேறு ஆளோடு பேசுகிறார், போனில் ஏதோ மறைக்கிறார், போலீசுக்குத் தகவல் கொடுக்கிறார். பெரும்பாலோருக்கு இது சில நாளிலோ சில வாரத்திலோ வடிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நின்றால் மனநல மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் நீங்கள் யாரும் நாட்டாமை செய்யவில்லை. ‘அவர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று வாதாடவும் இல்லை, ‘இருக்கலாம்’ என்று தலையாட்டவும் இல்லை. ‘இதைப் பத்து நாள் கழித்துப் பேசலாம்’ என்று எழுதி வைத்துவிட்டு, தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி பார்த்தீர்கள்.

டாக்டர்களுக்கும் மருந்தகத்துக்கும் நன்றி, முக்கியமாக வாக்குறுதி கொடுக்காமல் இருந்ததற்கு. ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்கு மெத்தடோனும் பியூப்ரினார்ஃபினும் இருப்பதுபோல மெத்துக்கென்று ஒரு மாத்திரை இன்னும் இல்லை. 2021-இல் வெளியான ஆய்வில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 380 மி.கி. நால்ட்ரெக்சோன் ஊசியும் தினம் 450 மி.கி. புப்ரோபியானும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், வெற்று மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதம். உதவி உண்டு, சிறிய உதவி. இதை இப்படியே சொன்னீர்கள். வலிப்பு வந்தவருக்குப் புப்ரோபியான் கூடாது. ஓபியாய்டு உடம்பில் இருக்கும்போது நால்ட்ரெக்சோன் போட்டால் கடும் உபாதை. ஆகவே கணவருக்கு எழுதியதை மனைவிக்கும் எழுதிவிட முடியாது என்பதை எத்தனை தரம் விளக்கியிருப்பீர்கள்! (ஒரே மருந்துப் பெட்டியில் இருவர் மாத்திரையும் இருப்பதைப் பார்த்ததும் இரண்டு பெட்டியாக்கிய மருந்தாளுநருக்குத் தனி வணக்கம்.) ஈசிஜி, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, பால்வினை நோய்ப் பரிசோதனைகளையும் ஆளுக்கு ஆள் தனியாகவே செய்து, முடிவையும் தனியாகவே சொன்னீர்கள். நின்றுபோன மாதவிடாய் திரும்பும் முன்பே கரு தங்கக்கூடும் என்பதால் கருத்தடை பற்றி முதல் வாரத்திலேயே பேசினீர்கள். வறண்ட வாயும் பல்லைக் கடிக்கும் பழக்கமும் சேர்ந்து ஈறோரம் அரித்த பற்களைப் பார்த்த பல் மருத்துவர் ஒரு சொல் குத்திப் பேசவில்லை.

பரிசோதனை மேசைக்காரர்களே, உங்கள் வேலையைக் கண்டுகொள்கிறவர்கள் குறைவு. மெத் சிறுநீரில் சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு நாள் வரை தெரியும். கூடுதலாக எடுத்தவர்களுக்கு இன்னும் சில நாள். அதனால்தான் வாரம் இரு முறை, திங்களும் வியாழனும். இருவருக்கும் ஒரே நாள், ஒரே மணி, ஆனால் ஒருவர் பின் ஒருவராக. தம்பதியரிடம் மாதிரி கைமாறுவது எளிது. எனவே கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழே போனால் தண்ணீர் கலந்ததாகவோ, தண்ணீரை மிதமிஞ்சிக் குடித்ததாகவோ இருக்கலாம் என்று குறித்தீர்கள். திருட்டு என்று குற்றம் சாட்டவில்லை.

இன்னொன்றுக்காகவும் உங்களைக் கும்பிட வேண்டும். கார்டில் கோடு பார்க்கும் முதல்கட்டச் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், ரத்த அழுத்தத்துக்கான லபெட்டலால், சிகிச்சைக்கென்றே நாம் கொடுக்கும் புப்ரோபியான், இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தனி ஆளுக்கு அது ஒரு வாரத்துச் சங்கடம். இணைக்கோ அன்றிரவே ‘நீ என்னை ஏமாற்றிவிட்டாய்’ என்ற பேச்சு. ஆய்வகத்தின் துல்லியமான சோதனையான மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி உறுதி செய்யும்வரை எந்த முடிவையும் ‘பாசிட்டிவ்’ என்று வாய்விட்டுச் சொல்லாமல் காத்திருந்தீர்கள்.

பரிசுச் சீட்டு ஜாடியை நிரப்பியவர்களுக்கு, பணமாகவும் பொருளாகவும் கொடுத்தவர்களுக்கு: மெத் பழக்கத்துக்கு இன்றைக்கு மிக வலுவான ஆதாரம் உள்ள சிகிச்சை, மெத் இல்லாத சிறுநீர் மாதிரிக்குப் பரிசு தரும் இந்த முறைதான். உளவியலாளர் நேன்சி பெட்ரி வகுத்த முறைப்படி ஜாடியில் 500 சீட்டு. 250-இல் வெறும் பாராட்டு. 209-இல் சின்னப் பரிசு. 40-இல் பெரிய பரிசு. ஒன்றே ஒன்றில் ஆகப் பெரியது. சுத்தமான முதல் மாதிரிக்கு ஒரு சீட்டு, அடுத்ததற்கு இரண்டு, இப்படி ஏறி எட்டில் நிற்கும். மெத் தெரிந்தாலோ, சொல்லாமல் வராமலிருந்தாலோ திரும்ப ஒன்றிலிருந்து. 12 வாரத்தில் 24 மாதிரியும் சுத்தமாக வந்தால் ஒருவர் 164 சீட்டு எடுத்திருப்பார். இதை லஞ்சம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. மெத்தின் பலன் நிமிடத்தில் கையில் கிடைக்கும். மெத் இல்லாத வாழ்க்கையின் பலன் மாதக்கணக்கில் கண்ணில் படாது. நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் சீட்டு நிரப்புகிறது. அதனாலேயே பரிசு அதே மேசையில், அந்த நிமிடமே தரப்பட வேண்டும். ‘அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் வேலை செய்யாது.

இருவரும் சுத்தமாக இருந்தால்தான் இருவருக்கும் பரிசு என்று வைக்கலாமே, ஒருவரையொருவர் தாங்குவார்களே என்ற யோசனையை நன்கொடையாளர்களில் சிலர் சொன்னீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் ஒருவர் சறுக்கினால் மற்றவர் செய்யாத குற்றத்துக்கு எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவார். அல்லது துணைவரின் சறுக்கலை மறைக்க முனைவார். காரணம் கேட்டுப் புரிந்துகொண்டு, ஆளுக்கொரு கணக்காகவே விட்டதற்கு நன்றி.

இணைக் கவுன்சலர்களே, உங்கள் கையில் இருந்த கருவி வேறு வகை இணைக்காகச் செய்யப்பட்டது. போதைப் பழக்கத்துக்கான தம்பதியர் சிகிச்சை பெரும்பாலும் ஒருவர் மட்டும் போதையில், மற்றவர் தெளிவில் என்ற வீட்டை வைத்து உருவானது. அங்கே தெளிவாக இருப்பவர் தினமும் சாட்சி. இங்கே இருவருமே நோயாளி. ஒருவரை மற்றவருக்குக் காவலாக்கினால் வீடு ஸ்டேஷன் ஆகிவிடும். ஆகவே தினசரி உரையாடலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இரு பக்கமும் சமமாக ஆக்கினீர்கள். குறித்த நேரத்தில், போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும்: “நேற்று எடுக்கவில்லை. இன்றும் எடுக்காமல் இருக்கப் பார்க்கிறேன். நேற்று துணையாக இருந்ததற்கு நன்றி.” மற்றவர் கேட்டுவிட்டு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேள்வி கிடையாது, ‘நிஜமாகவா?’ கிடையாது. பழைய கணக்கை எடுப்பதும், விவாகரத்து என்று மிரட்டுவதும் அந்த இரண்டு நிமிடத்தில் கூடாது. ‘சொல்ல முடியவில்லை’ என்ற நாளில் பொய் சொல்லாமல் பேசாமல் எழுந்து போய்க் கவுன்சலரைக் கூப்பிடலாம் என்ற வழியையும் விட்டுவைத்தீர்கள்.

தூண்டும் விஷயங்களின் பட்டியலைத் தனித்தனியாக எழுதவைத்ததும் நல்ல வேலை. ஒரே சப்ளையர், ஒரே குளியலறை, ஒரே லைட்டர், சம்பள நாள் என்று பல ஒத்துப்போகும். துணைவரே பட்டியலில் இருப்பதும் உண்டு: அவருடைய குரல், அவர் கதவைச் சாத்தும் விதம். முக்கியமாக உடலுறவு. ஆண்டுக்கணக்கில் மெத்தோடு சேர்த்தே பழகியவர்களுக்கு அது இல்லாமல் எல்லாம் சப்பென்று இருக்கும். ‘என் மேல் ஆசை போய்விட்டது’ என்று ஒருவர் நினைக்க, பழைய நாளைத் திரும்பக் கொண்டுவர ‘ஒரே ஒரு தரம்’ என்று மற்றவர் சொல்ல, சறுக்கல் அங்கே தொடங்கும். கூச்சப்படாமல் இதை இருவரிடமும் முன்கூட்டியே பேசினீர்கள். அவசரம் இல்லை, மாதங்கள் ஆகலாம் என்றீர்கள்.

மெத் போன்றவற்றின் பழக்கத்துக்கான மாட்ரிக்ஸ் என்ற சிகிச்சை முறையில் ‘சுவர்’ என்று ஒரு கட்டத்தைச் சொல்வார்கள்: ஏறத்தாழ 46-ஆம் நாளிலிருந்து 120-ஆம் நாள் வரை. அதற்கு முன் சில வாரம் தேனிலவு மாதிரி உற்சாகம். பிறகு எல்லாமே சலிப்பு. மூளையில், ஊக்கத்தோடும் இன்ப உணர்வோடும் தொடர்புடைய டோபமைனின் கடத்திகள் மீண்டு வருவதைப் படம் பிடித்த ஆய்வு 12 முதல் 17 மாதம் கழித்துத்தான் தெளிவான முன்னேற்றத்தைக் கண்டது. நான்காம் மாதச் சலிப்பில் அதிசயம் இல்லை. இணைக்கு வருகிற வம்பு, இரண்டு காலண்டர்கள் பொருந்தாததுதான். ஒருவர் 30-ஆம் நாளில் பறந்துகொண்டிருக்க, மற்றவர் 60-ஆம் நாளில் சுவரில் முட்டி நிற்பார். இருவருடைய நாள் எண்ணிக்கையையும் தனித்தனித் தாளில் எழுதி ஒட்டச் சொன்ன யோசனை, தாங்களும் பழக்கத்திலிருந்து மீண்டு மற்றவர்களுக்குத் துணை நிற்கும் சக மீட்பாளர்களான உங்களுடையது. படித்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

ஒருவர் பாதியில் கிளம்பிய நாட்களைக் கையாண்டவர்களுக்கு: துணைவர் கிளம்பினால் மற்றவரும் பின்னாலேயே போவதுதான் வழக்கம். ‘அவர் போனால் நான் என்ன செய்வேன்’ என்ற தாளை முதல் நாளே எழுதி வாங்கியிருந்தீர்கள். செய்தியைப் போனில் விடாமல், கவுன்சலர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள். அந்தத் தாளை எடுத்துப் படித்துக் காட்டினீர்கள். ‘இன்றைக்கு முடிவு வேண்டாம், நாளை காலை பேசலாம்’ என்று ஓர் இரவு வாங்கினீர்கள்.

வீட்டில் சறுக்கல் நடந்த இரவுகளில் கதவைத் திறந்துவைத்த உறவினர்களுக்கு: எடுக்காதவர் தேடவோ விசாரிக்கவோ வேண்டாம், தயாராக வைத்த பையோடு கிளம்பி வரட்டும் என்பதுதான் திட்டம். வந்தவரிடம் நியாயம் கேட்காமல் படுக்கப் பாய் போட்டுக் கொடுத்தீர்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களே, முதல் இரண்டு வாரத்தில் அழைத்து வராமலிருந்ததும் உதவிதான். இரவு ஷிஃப்டைப் பகலுக்கு மாற்றிக்கொடுத்த மேலாளர்களுக்கு: விழித்திருக்கத்தான் பலர் மெத்தைத் தொட்டிருந்தார்கள். நீங்கள் காரணம் கேட்கவில்லை.

கடைசியாக வரவேற்பு மேசைக்கு. சிகிச்சை நடுவிலேயே சில இணைகள் பிரிவதென்று முடிவெடுத்தார்கள். அதைத் தோல்விக் கணக்கில் யாரும் எழுத வேண்டியதில்லை; இருவரும் தொடர்ந்து வந்தால் போதும். வராந்தாவில் ஒருவர் கண்ணில் மற்றவர் படாதபடி நீங்கள் சத்தமில்லாமல் அட்டவணையை மாற்றினீர்கள்: ஒருவருக்குத் திங்கள், வியாழன், இன்னொருவருக்குச் செவ்வாய், வெள்ளி.

நன்றியுடன்,
இணையர் சிகிச்சைக் குழுவினர்