பிக்கப் மாத்தப்போற மச்சானுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. இஞ்ச எல்லாரும் சுகம். காலபோக அரிவுவெட்டு முடிஞ்சு நெல்லுக் காயுது. உங்கட காணியில நிக்கிற பலா இந்தமுறை அடியிலயிருந்தே காய்ச்சிருக்கு, பங்கு கேட்டு வராதை.

வீட்டு ரெயிலரை இழுக்க, இப்ப இருக்கிற ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பைக் குடுத்துப்போட்டு அதைவிடப் பெரிய எஃப்-250 எடுக்கிறதோ, ராம் 2500 எடுக்கிறதோ எண்டு கேட்டிருக்கிறாய். கடிதம் முழுக்கக் குதிரைவலுக் கதைதான். இழுக்கிறது எல்லாம் இழுக்கும், மச்சான். பாரம் எங்க குந்துது, எப்பிடி நிப்பாட்டுறது எண்டதை முதல் பார்.

எங்கட உழவு மெசின் (ட்ரக்டர்) இழுக்கிற பெட்டியில நெல்லு மூடை அடுக்கினது உனக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு சில்லுப் பெட்டியில பின்னுக்குக் கனக்க ஏத்தினா, முன்பக்கம் எழும்பி மெசின்ர கொழுக்கியையும் தூக்கும்; பெரிய சில்லு சேத்துக்க நிண்டு சுத்தும். முன்னுக்குக் கனக்க ஏத்தினா, வரம்பு ஏறேக்க மெசின்ர முன்சில்லு ரெண்டும் அந்தரத்தில நிக்கும், ஸ்ரேரிங்கைத் திருப்பி ஒரு பிரயோசனமும் இல்ல. உன்ர ரெயிலருக்கும் இதே கணக்குத்தான். மொத்தப் பாரத்தில 10 தொடக்கம் 15 வீதம் கொழுக்கியில விழவேணும். குறைஞ்சா ஹைவே வேகத்தில பின்னுக்கு ஆட்டத் தொடங்கும். நீ சொன்ன 7,500 இறாத்தல் ரெயிலருக்கு 13 வீதம் வைச்சாலும் 975 இறாத்தல், ஆறு மூடைக்கு மேல.

இப்ப உன்ர சாரதிக் கதவைத் திறந்து நிலையில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைப் பார். ஆக்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல ஏத்தக்கூடாது எண்டு போட்டிருக்கும். அது 1,500 இறாத்தல் எண்டா, கொழுக்கிப் பாரம் போக மிச்சம் 525. நீ, மனிசி, வளந்த பெடியள் ரெண்டுபேரும் ஏறினாலே சரி. விளம்பரத்தில போடுற இழுவைக் கணக்கு இதைச் சொல்லாது. பாரத்தை முன்சில்லுக்கும் பகிர்ற கொழுக்கி நல்லதுதான், ஆனா ஸ்ரிக்கரில இருக்கிற இலக்கத்தை அது கூட்டாது.

அதால 250, 2500 பக்கம் போறது சரி. ஆனா டீசல் எண்டோடன துள்ளாதை. அந்த எஞ்சினே பாரம், அதுக்கேத்த மாதிரி நீ ஏத்தக்கூடிய பாரம் குறையும். பேந்து, டீசல் புகையைச் சுத்தமாக்க யூரியாத் தண்ணியும் தனி ராங்கில ஊத்தவேணும். 2021இல உரத்தடையால யூரியா இல்லாம நாங்கள் வெளிறின பயிரைப் பாத்துக்கொண்டு நிண்டம். உங்க வாகனம் அதைக் குடிக்குது!

நிப்பாட்டுற கதைதான் பெரிசு. எங்கட பெட்டிக்குப் பிரேக்கே இல்ல, வன்னி மட்டமான நிலம் எண்டதால தப்பிப் பிழைக்கிறம். நீ ரொக்கி மலைப்பக்கம் போகப்போறாய். ரெயிலர்ர கரண்ட் பிரேக்கை முன்னுக்கிருந்து பிடிக்கிற கொன்ரோலர் கட்டாயம் வேணும். கண்டி வீதியில கடுகண்ணாவை மலை இறங்கிற லொறிக்காரர் சொல்லுறமாதிரி, ஏறின கியரிலயே இறங்கு. டீசலில எக்ஸோஸ்ட் பிரேக் (புகை போற வழியை மறிச்சு எஞ்சினாலயே வேகத்தைக் குறைக்கிறது) இருக்கு, இறக்கத்தில அது பெரிய உதவி. ஒவ்வொரு கோடையும் மலைக்குத்தான் எண்டா டீசல் எடு. இல்லாட்டி பெற்றோல் 250 காணும். ரெண்டும் வெறுமனே ஓடேக்க நல்லாக் குலுக்கும், மனிசியின்ர இடுப்பையும் ஒருக்காக் கேள்.

வீட்டை இழுத்துக்கொண்டு திரியிறது எங்களுக்குப் புதிசே? 2008இல சண்டைக்குள்ள அக்கராயனால இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்க கூரைத்தகரம், கதவு, கோழிக்கூடு எல்லாம் அந்தப் பெட்டியிலதான் ஏறினது. நீ விருப்பத்தோட இழுத்துக்கொண்டு திரி, எனக்குச் சந்தோசம்.

நானும் ஒரு பழைய டபுள் கப் (ரெண்டு வரிசை சீற்) பிக்கப் பாத்தனான். 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில திறந்துவிட்டும் விலை கிட்டப்போகேலாது, வரி அப்பிடி. மெசினே காணும்.

ஸ்ரிக்கரைப் படமெடுத்து அனுப்பு. புது வாகனத்துக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறது என்ர பொறுப்பு. அங்க வாங்கிற கச்சான் (நிலக்கடலை) காசு உன்ர கணக்கில.

உன்ர பழைய கூட்டாளி