தலைக்கட்டு வரி மட்டும் போதும்

தருமபுரி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். இந்த ஆண்டு நம் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்கு நீயும் உன் நண்பர்களும் செலவு செய்து நுழைவாயில் வளைவு வைப்பதாகவும், அதில் உங்கள் பெயர்களோடு நீங்கள் ஆதரிக்கும் கட்சித் தலைவரின் படமும் இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். அரசாங்கம் கோயில்களை விட்டு முழுவதுமாக வெளியேற வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் அனுப்பி, என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் வாக்குவாதமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் தொடையில் பீமன் வேடக்காரர் அடித்து முடித்ததும், பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்த உரிமையைத் தருவது, விழாச் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரி. கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தோப்புக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை. அங்கே ஒரு கட்சியின் வளைவு எழுந்துவிட்டால், வேறு கட்சிக்கு ஓட்டுப் போடும் உன் பங்காளி தன் அம்மன் சந்நிதிக்கே விருந்தாளியைப்போல நுழைய வேண்டியிருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஆனால் அந்த வரியிலேயே ஓர் அநீதியும் உண்டு. தலித் மக்கள் வாழும் காலனி வீடுகளில் வரி வாங்காமல் விடுவது பல ஊர்களில் வழக்கம். உனக்கு இங்கே பங்கில்லை என்று வாய்திறக்காமல் சொல்லும் வழி அது. கோயில் கதவுகளைத் திறந்ததில் நல்ல மனிதர்களின் முயற்சிக்கு நிகராகச் சட்டத்துக்கும் பங்குண்டு. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வழிபாட்டுச் சுதந்திரத்தைத் தருகிற 25-ஆவது பிரிவே, பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடவும், மதம் சார்ந்த பணவிவகாரங்களை ஒழுங்குபடுத்தவும் அரசுக்கு இடம் தருகிறது. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மத விஷயங்களில் தீர்மானிக்கும் உரிமை அந்தந்தச் சமயப் பிரிவுக்கு உண்டு, சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்று கோடு போட்டுக் காட்டியது. அரசு முழுவதுமாக வெளியேறட்டும் என்பவர்கள், கோயில் நிலத்தின் கணக்கை யார் கேட்பது, கதவு மறுபடி சாத்தப்பட்டால் யார் திறப்பது என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அறநிலையத் துறையின்மேல் எனக்கும் குறை உண்டு. காசு கொடுத்தவனுக்குக் குறுக்கு வரிசை என்ற ஏற்பாட்டை நான் மனதார வெறுக்கிறேன். அதற்காகக் கணக்குக் கேட்பவனையே வெளியேற்ற முடியாது.

கட்சிக்காரர்கள் கோயிலுக்கு வரட்டும், கும்பிடட்டும். அங்கே ஓட்டுக் கேட்பதுதான் தவறு. வாத்தியாராக இருந்தபோது தேர்தல் பணிக்குப் போனவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி, வேட்பாளர் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. வென்றவருடைய வெற்றியே செல்லாமல் போகலாம். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டுமல்லாமல் வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தார்கள். பக்தியுள்ளவனுக்குத்தான் இந்தச் சட்டம் அதிகம் தேவை என்று நான் நம்புகிறேன்.

கடைக்காரர்களும் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறார்கள். அட்சய திருதியைக்குப் பெரியவர்கள் சொன்னது தானம்: தண்ணீர், குடை, தயிர்சாதம். இன்று அந்த நாளில் நகைக்கடை வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கிறது. கடன் வாங்கியாவது ஒரு கிராம் வாங்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று ஏழைப் பெண்களை நம்பவைத்துவிட்டார்கள். மருமகளிடமும் இதைச் சொல்.

ஆகவே, உன் பங்குக்குத் தலைக்கட்டு வரியை மட்டும் அனுப்பு. வளைவுக்கு ஒதுக்கிய பணத்தைக் கூத்துக்காரர்களுக்குப் பேர் போடாமல் கொடுங்கள். மத்தளமும் முகவீணையும் வாசிக்கிறவர்கள் விடிய விடியக் கண்விழித்தும் வாங்கும் கூலி போதவில்லை. விழாவுக்கு முந்திய ஊர்க்கூட்டத்தில், காலனி வீடுகளிலும் அதே வரியை வாங்க வேண்டும் என்று எழுந்து பேசப் போகிறேன். எதிர்ப்பு வரும். உன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் கூட இருந்தால் பேச்சு எடுபடும். எந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தோதுப்படும் என்று எழுது. கூட்டத்தை அன்றைக்கே வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா