நெல்லை கோர்ட் வாசலில் உதவிய அந்தப் பெண்ணுக்கு நன்றி

மகளும் மருமகனும் விபத்தில் போனபின் பேரனும் பேத்தியும் எங்களிடம்தான் வளர்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கார்டியன், அதாவது சட்டப்படி பொறுப்பாளர், என்று சொந்தத் தாத்தா ஆச்சிக்கு எதற்குக் கோர்ட் உத்தரவு என்று ஊரே கேட்டது. பேங்கில் கேட்டார்களே, என்ன செய்ய?

ஒரு வக்கீல் சொன்ன ஃபீஸைக் கேட்டு எங்க வீட்டுக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்த நீங்கள்தான், "ஆச்சி, மனுவை உங்க பேர்ல போடுங்க. பெண்களுக்கு இலவச சட்ட உதவி வாங்க வருமான வரம்பே கிடையாது" என்றீர்கள். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த இலவச உதவி தருகிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அறை வரை கூடவே வந்தீர்கள். வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள்: பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்று. கடைசியதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. 1890 கார்டியன் சட்டப்படி பிள்ளைகள் வசிக்கிற ஊர் கோர்ட்டில்தான் கார்டியன் மனு போடணும், வேறு ஊருக்கு அலைய வேண்டாம் என்பதற்கு அதுதானே ஆதாரம்!

நீதிபதி பேத்தியிடமும் தனியாகக் கேட்டார். என்ன சொன்னாளோ, நாங்கள் துருவவில்லை. போன வாரம் உத்தரவு கைக்கு வந்தது.

பெயர் கேட்டதற்கு, "முதல்ல உள்ள போங்க ஆச்சி" என்று போய்விட்டீர்கள். நல்லா இருக்கணும் தாயி. ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க.