"பொருள் வரவில்லை" என்று புகார் வந்தால்

வணக்கம். ஆன்லைன் தளங்களில் பொருள் விற்கும் நம்மில், இந்த வாரமும் இரண்டு பேருக்கு வாங்கியவரிடமிருந்து இதே புகார் வந்திருக்கிறது, அதனால் இந்தக் குறிப்பு.

எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் டிராக்கிங்கைப் பாருங்கள். பார்சல் வழியில் இருந்தால் அதைச் சொல்லிப் பொறுக்கச் சொல்லலாம். 'டெலிவர்டு' என்று காட்டினால் வீட்டில் மற்றவர்களிடமும் பக்கத்து வீட்டிலும் விசாரிக்கச் சொல்லுங்கள்; பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். பேச்செல்லாம் தளத்தின் மெசேஜிலேயே இருக்கட்டும். போனில் பேசியது சாட்சிக்கு நிற்காது.

கெடு முக்கியம். ஈபே விற்பனைத் தளத்தில் புகாருக்குப் பதில் சொல்ல 3 வேலை நாள்தான். பேபால் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் பணம் கட்டியதிலிருந்து 180 நாள் வரை வாங்கியவர் புகார் தரலாம், ஆகவே அனுப்பிய ரசீதை அதுவரை தூக்கிப் போடாதீர்கள். நான் ஒரு முறை போட்டேன், பணம் போனது.

"வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று சாட்டில் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்டரை ரத்து செய்து, புது முகவரியில் மறுபடி வாங்கச் சொல்லுங்கள்.

பார்சல் உண்மையிலேயே தொலைந்துவிட்டதா? சரி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கூரியரிடம் இழப்பீடு கேளுங்கள். அப்புறம், புகார் திறந்திருக்கும்போது தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும்.